ரோஜாப் படம் போட்ட அட்டையும் திறக்காத சர்வரும்

கடந்த ஆகஸ்ட் மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரே வரியை முப்பத்தைந்து முறை வாசித்தேன். நீங்கள் கொடுத்த பெயரோ பாஸ்வேர்டோ சரியில்லை, மறுபடி முயலுங்கள் என்று கம்ப்யூட்டர் சொல்லும் வரி. முப்பத்தைந்து என்பது குத்துமதிப்பு அல்ல. ஒவ்வொரு தடவையும் தாளில் ஒரு கோடு போட்டேன். கம்ப்யூட்டர் கோபப்படாது, குரலை உயர்த்தாது. முதல் தடவை சொன்ன அதே மரியாதையோடு முப்பத்தைந்தாவது தடவையும் சொல்லும். அன்றைக்கு எனக்கு அதுதான் தாங்க முடியவில்லை.

எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்தில் இதைச் சாட்சியாக எழுதித் தரும்படி மூன்று முறை கேட்டுவிட்டார்கள். வியாதியிலிருந்து எழுந்தவர்களும் விபத்தில் தப்பியவர்களும் எழுதுகிற இடத்தில், ஒரு கம்ப்யூட்டர் திறந்த கதை எதற்கு என்று தள்ளிப் போட்டேன். ஆனால் அன்று பூட்டிக் கிடந்தது கம்ப்யூட்டர் மட்டுமல்ல. ஒரு பெண்ணின் வேலையும் நல்ல பெயரும் அதற்குள் மாட்டிக்கொண்டிருந்தன. அவளை மாட்டிவிட்டதில் எனக்கும் பங்கு உண்டு. அதனால் எழுதுகிறேன்.

என் பெயர் பியூலா. வீடு பெங்களூர் லிங்கராஜபுரத்தில். கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்து, காக்ஸ் டவுனில் ஒரு சிறிய அலுவலகத்தில் சிஸ்டம்ஸ் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டு மருத்துவர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டுப் பேசிப் பதிவு செய்யும் குறிப்புகள் எங்களுக்கு வரும். பதினெட்டுப் பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவற்றைக் கேட்டுத் தட்டச்சு செய்வார்கள். எல்லாப் பதிவுகளும் சர்வர் என்ற ஒரே பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும். யாருக்கு எந்தப் பதிவு என்று பங்கு பிரித்துக் கொடுக்கும் புரோகிராம் ஒன்றும் அதில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சர்வர் நின்று மறுபடி எழுந்தால், என் பாஸ்வேர்டைப் போட்டு உள்ளே போய் அந்தப் புரோகிராமை நான்தான் ஓடவிட வேண்டும். ஓடத் தொடங்கிவிட்டால் பிறகு அந்தப் பக்கம் போகவே தேவையில்லை. 2001 ஜனவரி இரண்டாம் தேதி ஓடவிட்டேன். ஏழு மாதத்துக்கும் மேலாக அது நிற்கவே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பாஸ்வேர்டைச் சிலர் சின்னத் தாளில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டி வைப்பார்கள். அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். நான் எங்கேயும் எழுதுவதில்லை, யாரிடமும் சொல்வதில்லை, வீட்டிலும்கூட. எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். புத்தாண்டு காலை ஆராதனை முடிந்ததும் எங்கள் ஆலய வாசலில், பைபிள் வசனம் ஒன்று அச்சிட்ட வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுவார்கள். ஆளுக்கு ஒன்று எடுப்போம். அந்த ஆண்டு முழுவதற்கும் அந்த வசனமே நமக்குக் கிடைத்த வாக்குத்தத்தம். எல்லா அட்டையிலும் ஒரே ரோஜாப் படம்தான், வசனம் மட்டும் வேறு வேறு. பெயர் எழுதும் வழக்கமில்லை. எடுத்த அட்டையை பைபிளுக்குள் வைத்துக்கொள்வோம்.

என் பாஸ்வேர்ட் அந்த அட்டைதான். வசனத்தின் ஒவ்வொரு சொல்லிலும் முதல் எழுத்தை எடுத்து ஆங்கில எழுத்தில் போடுவேன். கடைசியில் அதிகாரமும் வசன எண்ணும். வருடா வருடம் ஜனவரி இரண்டாம் தேதி புது அட்டையைப் பார்த்துப் புது பாஸ்வேர்ட். மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வேண்டும்போது பைபிளைத் திறந்தால் போதும். எங்கள் அலுவலகத்தில் கிறிஸ்தவள் நான் ஒருத்திதான். பைபிளுக்குள் இருக்கும் பூப்போட்ட அட்டை சர்வரின் சாவி என்று யாருக்குத் தோன்றப் போகிறது? ஆண்டவருடைய வார்த்தையே என் வேலைக்குக் காவல் என்று நினைத்து மகிழ்ந்ததும் உண்டு.

எந்த வசனம் என்று இங்கே எழுத மாட்டேன். பாஸ்வேர்டைச் சொல்லாத பழக்கம் இன்னும் போகவில்லை.

அந்தச் செவ்வாய் காலை ஏழு மணிக்குக் கரண்ட் போனது. யூ.பி.எஸ். அரை மணி நேரம் தாங்கிவிட்டு விட்டுவிட்டது. சர்வர் நின்றது. காலை ஷிப்டைக் கவனிக்கும் நஸீமா எங்கள் வீட்டுக்குப் போன் செய்தாள். பைபிளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு, “ஆபீஸ்ல பிரச்சினை, ஜெபம் பண்ணிக்கோம்மா” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். என்ன பிரச்சினை என்று சொல்லவில்லை. சொல்வது என் வழக்கமில்லை.

எட்டரைக்கு சர்வர் அறையில் உட்கார்ந்து பைபிளைத் திறந்தேன். அட்டை இருந்தது. எழுத்து எழுத்தாகப் பார்த்துத் தட்டினேன்.

சரியில்லை என்றது.

கை தவறியிருக்கும் என்று மறுபடி தட்டினேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாற்றிப் பார்த்தேன். எண்ணை முதலில் போட்டுப் பார்த்தேன். ஐந்து தடவை தவறியதும் கணக்கு பூட்டிக்கொண்டது. அரை மணி நேரம் காத்திருந்தால்தான் அடுத்த ஐந்து. யாரோ திருட்டுத்தனமாக முயன்றால் தடுப்பதற்காக வைத்த விதி அது. வைத்தவளும் நான்தான்.

அந்த அரை மணி நேரத்தில் ஒரு பட்டியல் எழுதினேன். ஒன்று, கீபோர்டு கெட்டிருக்கலாம். மாற்றினேன், அது இல்லை. இரண்டு, போன வருட பாஸ்வேர்டே தொடர்ந்திருக்கலாம். நினைவிலிருந்து போட்டேன், அதுவும் இல்லை. மூன்று, அட்டையிலிருந்து எழுத்துகளை எடுக்கும்போதே ஜனவரியில் தப்பு செய்திருக்கலாம். ஒரு சொல்லை விட்டு, ஒரு சொல்லைச் சேர்த்து, எண்ணைத் திருப்பி என்று எத்தனையோ விதமாகப் போட்டேன். ஐந்து தடவை, அரை மணி நேரம். மறுபடி ஐந்து தடவை, மறுபடி அரை மணி நேரம். வெளியே பதினெட்டுப் பேர் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

பத்து மணிக்கு எங்கள் மேனேஜர் மஞ்சுநாத் சார் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

“ஏனம்மா பியூலா, ஆயிதா?” முடிந்ததா என்று அவர் கன்னடத்தில் கேட்டால் இன்னும் கோபம் வரவில்லை என்று அர்த்தம்.

“இன்னும் இல்ல சார்.”

பதினொன்றரைக்குத் தமிழில் கேட்டார். “நீ வச்ச பாஸ்வேர்டு, நீயே போட்டா எடுக்கலைன்னா என்ன அர்த்தம்? யாரோ மாத்திருக்காங்க. மாத்த முடியுமா, முடியாதா? அத மட்டும் சொல்லு.”

முடியும். ஜனவரியிலிருந்து அந்தத் திரையை நான் பூட்டவில்லை. அறைக்கே பூட்டு இருக்கிறதே என்ற தைரியம். அறைக்குள் போகிற எவரும் அந்தக் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டை மாற்றிவிட்டு வரலாம்.

“அறைக்கு எத்தனை சாவி?”

“ரெண்டு சார். ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு நஸீமாகிட்ட.”

அவர் என்னையே பார்த்தார். அவருக்கு எது நினைவு வந்தது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, தங்கையின் பிரசவத்துக்காக நஸீமா பத்து நாள் லீவு கேட்டாள். “டெலிவரி உனக்கா, உன் தங்கச்சிக்கா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார் சார். நஸீமா வாய்க்காரி, விடவில்லை. “இந்த சர்வர் ஒரு நாள் நிக்கட்டும் சார். அப்போ தெரியும் இந்த ஆபீஸை யாரு ஓட்டறாங்கன்னு.” எல்லாரும் சிரித்தோம். செவ்வாய்க்கிழமை சர்வர் நின்றது. யாரும் சிரிக்கவில்லை.

“சாயங்காலம் அஞ்சரைக்கு கிளையண்ட் போன் வரும்,” என்றார் சார். “அவங்களுக்கு அப்போதான் காலை. மூணு நாள் பதிவு உள்ள கெடக்கு. ஏன்னு கேட்டா நான் ஒரு காரணம் சொல்லணும். அஞ்சு மணிக்குள்ள இது திறக்கலைன்னா நஸீமா நாளையிலேருந்து வர வேணாம். போலீஸ் கீலீஸ்னு நான் போக மாட்டேன். ஆனா அவ எங்க வேலைக்குப் போனாலும் எனக்குத்தான் போன் வரும். நான் உள்ளதைச் சொல்லிடுவேன்.”

அதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். அப்போது பெங்களூரில் இந்தத் தொழில் நடக்கும் இடங்களில் எல்லா மேனேஜர்களும் ஒருவரையொருவர் அறிவார்கள். பாஸ்வேர்டைத் திருடி மாற்றியவள் என்ற சொல்லோடு வெளியே போனால் அவளை எந்த அலுவலகமும் எடுக்காது.

என் இடத்துக்குப் போய்ப் புதுப் பட்டியல் ஒன்று எழுதினேன். யார் மாற்றியிருக்க முடியும்? ஒன்று, பியூலா. இரண்டு, நஸீமா. அவ்வளவுதான். நான் மாற்றவில்லை என்பது எனக்குத் தெரியும். முதல் பெயரை அடித்தேன். மீதி ஒரு பெயர்தான் இருந்தது. என் படிப்பு எனக்குக் கற்றுக்கொடுத்த முறை அது. முடியாதவற்றை ஒவ்வொன்றாக நீக்கினால் மிஞ்சுவதே விடை. சரியாகத்தான் செய்கிறேன் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு மணிவாக்கில் மாடிப்படியில் நஸீமா என்னை நிறுத்தினாள்.

“சார் கேட்டதுக்கு நீ என்ன சொன்னே?”

“சாவி ரெண்டுன்னு சொன்னேன். உண்மைதானே?”

“உண்மைதான். நஸீமா அப்படிப் பண்ண மாட்டான்னு சொன்னியா?”

நான் கையிலிருந்த சாவியைப் பார்த்தேன்.

“பண்றதா இருந்தா லீவை வாங்கிட்டுப் பண்ணிருப்பேன் பியூலா. லீவும் இல்லாம, வேலையும் இல்லாம, காலையிலேருந்து உங்க மூஞ்சியெல்லாம் பாத்துட்டு உட்கார நான் என்ன பைத்தியமா?” சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. “மூணு வருஷம் ஒரே டப்பாவுல சாப்பிட்டிருக்கோம். நீயும் அப்படித்தான் நினைக்கிறியா?”

“நான் எதுவும் நினைக்கல. டெக்னிகலாப் பாத்தா ரெண்டு பேருக்குத்தான் முடியும்.”

“நக்கோ,” என்று கையைக் காட்டிவிட்டாள். வேண்டாம், பேசாதே என்று அர்த்தம். இறங்கிப் போய்விட்டாள். டெக்னிகலாக என்று நான் சொன்ன அந்தச் சொல்லை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

சர்வர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஜெபித்தேன். நல்ல ஜெபம் என்று சொல்ல மாட்டேன். ஏ.சி. இரைச்சலில், பற்களைக் கடித்துக்கொண்டு, வேலைக்காரரை விரட்டுவதைப் போல ஆண்டவரை விரட்டினேன். உம்முடைய வார்த்தையைத்தானே வைத்தேன், அது ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டேன். இரண்டு விண்ணப்பங்கள் வைத்தேன். இதைத் திறந்துவிடும். இதை மாற்றியவர் யார் என்று காட்டும். ஆமென் சொல்லிவிட்டு உடனே ஐந்து தடவை தட்டினேன். ஐந்தும் தவறு. பைபிளைப் பட்டென்று மூடி வைத்தேன். அப்படி மூடியதற்கும் பிறகு மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

இரண்டு மணிக்கு, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டிலிருந்து கணேஷ் என்ற டெக்னீஷியனை சார் வரவழைத்தார். பாஸ்வேர்டை அழித்துவிடும் பிளாப்பி ஒன்று அவரிடம் இருந்தது. போட்டார். எங்கள் சர்வரின் ஹார்ட் டிஸ்க்கை அந்த பிளாப்பியால் அடையாளம் காணவே முடியவில்லை. மூன்று தடவை முயன்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“மேடம், பேசாம ஃபார்மேட் பண்ணிடலாமா? ஒரு மணி நேரத்துல புதுசு மாதிரி ஆயிடும்.”

“உள்ள இருக்கறது?”

“அதான் போயிடுமே.”

கம்ப்யூட்டரில் எந்த நோய்க்கும் அவர் தரும் மருந்து அதுதான். மூன்று நாள் பதிவுகளுக்கு வேறு பிரதி இல்லை. வேண்டாம் என்று அனுப்பினேன்.

மூன்றரை மணி. அதுவரை முப்பத்தைந்து கோடுகள். சார் ஒரு தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். அலுவலகப் பெயர் அச்சடித்த தாள். சர்வரின் பாஸ்வேர்ட் வேண்டுமென்றே மாற்றப்பட்டிருக்கிறது, அறையின் இன்னொரு சாவி நஸீமாவிடம் மட்டுமே இருந்தது, ஆகவே அவரே மாற்றியிருக்க வேண்டும் என்பது என் தொழில்நுட்பக் கருத்து என்று அதில் டைப் செய்திருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

“நீதான் சொன்னே. அதைத்தான் எழுதிருக்கேன்,” என்றார்.

வாசித்தேன். ஒவ்வொரு வரியும் என் பட்டியலிலிருந்து வந்தது. தப்பு என்று ஒன்றைக்கூடச் சுட்ட முடியவில்லை. பேனாவை எடுத்துவிட்டேன். கை நகரவில்லை. இதை ஒரு தரிசனம் போலச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. சத்தம் ஒன்றும் கேட்கவில்லை, ஒளியும் தெரியவில்லை. கை நகரவில்லை, அவ்வளவுதான். மூன்று வருட டப்பாச் சாப்பாடு நினைவுக்கு வந்தது.

“பத்து நிமிஷம் குடுங்க சார். வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கறேன்.”

முன்னறை மேசையிலிருந்து போன் செய்தேன். அம்மாதான் எடுத்தார்கள்.

“அம்மா, ஜெபம் பண்ணும்மா.”

“காலையிலேருந்து பண்ணிட்டுத்தான் இருக்கேன். என்ன பிரச்சினைன்னு ஆண்டவருக்குத் தெரியும். பெத்தவளுக்குத் தெரிய வேணாமா?”

வேறு நாளாக இருந்தால் ‘உனக்குப் புரியாதும்மா’ என்று வைத்திருப்பேன். அன்றைக்குச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். சர்வர் திறக்கவில்லை, நஸீமாவுக்கு வேலை போகப் போகிறது, என் கையெழுத்தில் போகப் போகிறது என்றேன். கடைசியாக, ஒருவரிடமும் சொல்லாததையும் சொன்னேன். “நம்ம வாக்குத்தத்த அட்டை இருக்குல்ல, அதைப் பாத்துத்தான் பாஸ்வேர்ட் வச்சேன். அட்டை கையிலதான் இருக்கு. ஆனா எடுக்க மாட்டேங்குது.”

லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன்.

“பியூலா.”

“என்னம்மா?”

“எந்த அட்டை? ரோஜாப்பூ போட்டு, உன் பைபிள்ல வச்சிருப்பியே, அதா?”

“ஆமா.”

“அதை நான் மாத்திட்டேண்டி.”

எனக்குப் புரியவில்லை.

“ஜனவரியில அந்தக் கே.ஜி.எஃப். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்க வர்றதா இருந்துச்சுல்ல, அந்த வாரம். உன் பைபிளைத் தொடைக்கும்போது பாத்தேன். எடுத்ததுமே கண்ணீர்னு இருந்துச்சு. கல்யாணம் ஆக வேண்டிய வருஷத்துல பொண்ணுக்குக் கண்ணீரான்னு மனசு கேக்கல. எனக்கு வந்தது நல்லா சந்தோஷமா இருந்துச்சு. அதை உன்னோடதுல வச்சுட்டு உன்னோடதை நான் எடுத்துக்கிட்டேன்.”

“அம்மா! வாக்குத்தத்தத்தைப் போய் யாராவது மாத்துவாங்களா?”

“நான் என்ன திருடினேனா? நல்லதை உனக்குக் குடுத்துட்டுக் கஷ்டத்தை நான் வச்சுக்கிட்டேன். அதுக்கும் ஏசுவியா?” பிறகு மெதுவாகக் கேட்டார்கள், “ஏண்டி, ஏழு மாசமா அது வேற வசனம்னு உனக்குத் தெரியலையா?”

காலையிலிருந்து அந்த அட்டையை எத்தனை முறை பார்த்தேன்! ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தை மட்டும் பார்த்தேன். ஜனவரி முதல் தேதி தட்டிலிருந்து எடுத்தபோது ஒருமுறை ஓடவிட்டு வாசித்திருப்பேன். அதற்குப் பிறகு அது எனக்கு வசனமாக இல்லை, எழுத்தும் எண்ணுமாகவே இருந்தது. உம்முடைய வார்த்தை ஏன் வேலை செய்யவில்லை என்று ஆண்டவரிடம் சண்டை போட்டேனே, அந்த வார்த்தை என்ன என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“சரிம்மா. என் அட்டையை எடுத்துட்டு வந்து படி.”

“எடுத்துட்டு வரணுமா? மனப்பாடமா இருக்கு. தினம் காலையில உனக்காகச் சொல்றேனே.”

சொன்னார்கள். வேகமாக எழுத்துகளை மட்டும் குறித்துக்கொள்ளத்தான் பென்சிலை எடுத்தேன். முடியவில்லை. இரண்டாவது முறை சொல்லச் சொன்னேன். கண்ணீரில் தொடங்குகிற அந்த வசனம் கண்ணீரில் முடியவில்லை. அம்மா பாதி வாசித்து பயந்துவிட்டு, மீதியை ஏழு மாதமாக வாசித்துத் தைரியம் அடைந்திருக்கிறார்கள். எனக்கு இரண்டு பாதியும் அன்றைக்குத்தான் காதில் விழுந்தன. மூன்றாவது முறை சொன்னபோதுதான் எழுத்துகளைக் குறித்தேன்.

முப்பத்தாறாவது தடவை சர்வர் திறந்தது. நான்கு மணி ஆக இரண்டு நிமிடம் இருந்தது.

மகிழ்ச்சியில் குதித்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில் முதலில் வந்தது ஒரு பெரிய அலுப்பு. நாள் முழுவதும் எதிரே இருந்த சுவர், தள்ளியதும் கதவாகத் திறந்துகொண்டால் வருமே, அந்த அலுப்பு. புரோகிராமை ஓடவிட்டேன். வெளியே ஹெட்போன்கள் காதுக்குப் போகும் சத்தம் கேட்டது. சார் ஓடி வந்து, “ஆயித்து! ஆயித்து!” என்று என் மேசையைத் தட்டினார். கன்னடம் திரும்பியிருந்தது.

அவர் அப்படியே போயிருப்பார். யாரும் எதுவும் கேட்டிருக்க மாட்டார்கள். ஏதோ ஒரு தொழில்நுட்பக் காரணம் சொல்லி முடித்திருக்கலாம், எல்லாரும் நம்பியிருப்பார்கள். ஆனால் நான் இரண்டு விண்ணப்பம் வைத்திருந்தேன். மாற்றியவர் யார் என்று காட்டும் என்று கேட்டதற்கும் பதில் வந்துவிட்டது. அதை மட்டும் எப்படி மறைப்பது?

கூடத்தின் நடுவில் நின்று சொன்னேன். “பாஸ்வேர்டை யாரும் மாத்தல. நான் பாஸ்வேர்ட் எடுத்த அட்டை எங்க வீட்டுல மாறிடுச்சு. பாக்காம விட்டது நான். திரையைப் பூட்டாம வச்சதும் நான்தான். நஸீமாவுக்கு இதுல எந்தச் சம்பந்தமும் இல்ல. அவ பண்ணிருப்பான்னு நான் நினைச்சது தப்பு.” டைப் செய்த தாளை சாரிடம் கொடுத்தேன். அவர் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நஸீமா பக்கம் அவர் திரும்பவே இல்லை. ஆனால் மறுநாள் காலை பத்து நாள் லீவு என்று கையெழுத்துப் போட்ட தாள் அவள் மேசையில் இருந்தது. மன்னிப்பு என்ற சொல்லை அதைவிட நன்றாக அவருக்குச் சொல்லத் தெரியாது என்று நினைக்கிறேன்.

நஸீமா ஓடி வந்து கட்டிப்பிடித்தாளா என்றால் இல்லை. அன்று மாலை என் மேசையருகில் நின்றாள்.

“அப்போ உங்க அம்மாதானா?”

“ஆமா.”

“ரெண்டு பேருக்குத்தான் முடியும்னே. அடுத்த தடவை லிஸ்ட் போடும்போது வீட்டுல உள்ளவங்களையும் சேத்துக்கோ.”

சொல்லிவிட்டுப் போனாள். லீவு முடிந்து வந்த பிறகும் கிட்டத்தட்ட ஒரு மாதம் தனியாகவே சாப்பிட்டாள். அது எனக்கு வேண்டியதுதான். ஒரு நாள் மதியம், தங்கையின் குழந்தைக்குப் பெயர் வைத்த இனிப்பை என் டப்பாவின் மூடியில் வைத்தாள். நான் எடுத்துச் சாப்பிட்டேன். அதற்குப் பிறகு பழையபடி சேர்ந்து உட்கார்கிறோம். பழையபடி என்று எழுதினாலும் நான் பேசும் முன் ஒரு முறை யோசிக்கிறேன்.

இப்போது பாஸ்வேர்டை உறையில் போட்டு ஒட்டி, சாரின் பீரோவில் வைத்திருக்கிறோம். திரையைப் பூட்டுகிறேன். வாரத்துக்கு ஒரு முறை உள்ளே போய்வந்து சரிபார்க்கிறேன். இவையெல்லாம் படித்த எவளும் முதலிலேயே செய்திருக்க வேண்டியவை. இதற்குச் சாட்சி எழுதத் தேவையில்லை. வாக்குத்தத்த அட்டையைப் பாஸ்வேர்டாக வைப்பதை விட்டுவிட்டேன். அம்மா மாற்றி வைத்த அட்டை என் அறைக் கண்ணாடியில் இருக்கிறது. தலை வாரும்போது முழுவதும் வாசிக்கிறேன், கடைசிச் சொல் வரைக்கும்.

கண்ணீர் வசனத்தைத் திருப்பித் தரும்படி அம்மாவிடம் கேட்டேன். தரவில்லை. “வருஷம் முடியட்டும். உனக்காக நான் பிடிச்சுட்டு இருக்கேன்,” என்றார்கள். கே.ஜி.எஃப். வீட்டார் வரவே இல்லை. அதற்காக நாங்கள் அழவும் இல்லை.

காலை ஒன்பது மணிக்கே ஆண்டவர் ஏன் பதில் தரவில்லை என்று சில சகோதரிகள் கேட்டார்கள். எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். பதில் காலையிலேயே வீட்டில் இருந்தது. மனப்பாடமாக, அம்மாவின் வாயில் இருந்தது. “என்ன பிரச்சினை” என்று சொல்லாமல் “ஜெபம் பண்ணு” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடியவள் நான். என்னவென்று சொல்லிக் கேட்க எனக்குப் பிற்பகல் மூன்றரை மணி ஆனது.

உங்களில் யாராவது திறக்காத ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். கம்ப்யூட்டராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. எரிச்சலோடு ஜெபித்தாலும் அவர் கேட்கிறார், அதற்கு நான் சாட்சி. ஆனால் ஜெபிக்கச் சொல்லி யாரிடமாவது கேட்டால் முழுவதையும் சொல்லிக் கேளுங்கள். வெட்கமான பகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பதில் அந்தப் பகுதியில் இருக்கலாம்.

பட்டியல் எழுதும் பழக்கத்தை நான் விடவில்லை. இப்போதும் அலுவலகத்தில் ஏதாவது கெட்டுப்போனால், யாரால் இது நடந்திருக்கலாம் என்று எழுதுகிறேன். முதலில் என் பெயரை எழுதுகிறேன். வேலை முடியும் வரை அதை அடிப்பதில்லை.